ஆறரைத் தோட்டா

அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது கொட்டகைக்குப் பின்னால் எய்விந்தின் சீட்டி கேட்டது. சுன்னிவா எழுந்து காபிக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். தம்பி இன்னும் மர ஆலையில்தான் இருப்பான். ஆனால் அவன் வருமுன்னே அவன் சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். வார்டோகர் என்பார்கள், இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேருக்கு அது உண்டு. முதலில் சீட்டி, பிறகு படியில் இடது பூட்ஸை இரண்டு தரம் தட்டி மண்ணை உதறும் ஓசை, கால் மணி கழித்து ஆள். அப்பா நடமாடிய நாளில் அவருக்கும் உண்டு, முட்டிவலியோடு வலது பூட்ஸை நிதானமாக மூன்று தரம் தட்டும் ஓசை. வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம், காபியைச் சூடாகக் கொடுக்கலாம்.

இன்று சீட்டிக்குப் பிறகு பூட்ஸ் வரவில்லை. துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றும் போல்ட்டைத் தள்ளி மடக்கும் ஓசை வந்தது. அதன்பின் ஒரு வெடிச்சத்தம். வீட்டிலிருந்த ஒரே துப்பாக்கி, ஜெர்மன் பட்டாளம் போட்டுவிட்டுப் போன பழைய மௌசர். குழல் தேய்ந்துபோனதால் அதைக் கழற்றிப்போட்டு, வேறு குழல் மாட்ட துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹல்வாரின் பட்டறையில் வைத்திருந்தார்கள்.

அப்பா தோர்கிரிம் கண்ணைத் திறந்தார். மூன்று நாளாகத் திறக்காத கண்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"சுட்ட சத்தம் இல்லம்மா அது. பொளந்த சத்தம்." மூச்சு வாங்கியது. "பூட்ஸ் சத்தம் வரலியே."

"வரும்ப்பா. நீங்க பேசாதீங்க."

இருவரும் காத்திருந்தார்கள். கெட்டில் கொதித்து வழிந்தது. அவள் ஓடிப்போய் அதை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, அப்பா வாசலைப் பார்த்தபடியே போய்விட்டிருந்தார்.

ஊர் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவைத்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள். அழுகை வந்தது, அதைவிடப் பயம் வந்தது. ஆலைக்குப் போன் செய்தாள். "சொல்லுக்கா" என்று எய்விந்தின் குரல் கேட்ட பிறகுதான் அப்பா போன செய்தியைச் சொல்லவே அவளுக்கு நாக்கு எழுந்தது.

சாயங்காலம் ஹல்வார் போன் செய்து துக்கம் விசாரித்தார். பிறகு இழுத்தார்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு தப்பா நெனைக்காதம்மா. அடுத்த வாரம் எல்க் மான் வேட்டை ஆரம்பிக்குது. துப்பாக்கி இனிமே எய்விந்தோடது. எங்கிட்ட ரெண்டு குழல் ரெடியா இருக்கு. ஒண்ணு அமெரிக்கத் தோட்டாவுக்கு, இன்னொண்ணு ஆறரை மில்லிக்கு. அவன் அமெரிக்கன்தான் வேணும்னுட்டான். உங்கப்பா கடைசிவரைக்கும் ஒண்ணும் சொல்லல. அமெரிக்கனையே மாட்டிடவா?"

"அது நல்லதுதானா?"

"நல்ல தோட்டாதான். ஆனா உங்க வீட்டுல எங்க கைவிட்டாலும் பழைய ஜெர்மன் எட்டு மில்லி கெடக்குமே. அது இந்தக் குழல்லயும் போய் உக்காந்துக்கும், போல்ட்டும் மூடிக்கும். குண்டு பெருசு, ஓட்டை சிறுசு. சுட்டா பொளந்துடும். சுட்டவன் மூஞ்சி மிஞ்சாது. அதையெல்லாம் மொதல்ல பொறுக்கி ஏரியில போடு."

"ஆறரையில?"

"அதுல எட்டு மில்லியோட கழுத்தே நுழையாதே."

சுன்னிவா அப்பாவின் அறைப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. ஆறரைன்னாரு."

"சாகறப்பவா?"

"சாகறப்பதான்."

"சரி, ஆறரையே மாட்டிடறேன்" என்று ஹல்வார் போனை வைத்தார். செத்துக் கிடக்கும் மனிதரின் வாயில் பொய்யை வைத்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

எய்விந்த் லேசில் விடவில்லை. சவப்பெட்டியின் பக்கத்திலேயே நின்று குதித்தான்.

"யாரு, அப்பாவா? ஆறரைய ஆயுசு பூரா கொசு அடிக்கற தோட்டான்னு கிண்டல் பண்ண மனுஷனா? வேட்டைக் கூட்டத்துல ஒருத்தன் விடாம சிரிப்பானுங்க அக்கா."

"சிரிக்கட்டும்."

"நெஜமா அவர்தான் சொன்னாரா?"

"சொன்னாருடா."

அந்த வாரம் முழுக்க அவள் பழைய தோட்டாக்களைப் பொறுக்கினாள். மேஜை இழுப்பறைகளில், தூண்டில் பெட்டியில், மாவு டப்பாவுக்குப் பின்னால், ஒரு காலுறைக்குள்கூட இருந்தன. அப்பாவின் வேட்டைக் கோட்டில் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். இரண்டு வாளி சேர்ந்தது. படகில் போய் ஏரியின் நடுவில் கொட்டினாள்.

அடக்கத்தன்று படியெங்கும் ஊசியிலைக் கொத்துகளை வெட்டிப் பரப்பியிருந்தார்கள். அதன்மேல்தான் பெட்டி இறங்கிப் போனது. காபி குடித்து எல்லோரும் கிளம்பிய பிறகு, மறுநாள் வேட்டைக்குக் குறி சரிபார்க்க வேண்டுமென்று எய்விந்த் துப்பாக்கியை எடுத்தான். குளிருக்கு அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு, பை நிறையப் புதுத் தோட்டாக்களை அள்ளிப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான்.

சுன்னிவா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் சுட்டான், சுத்தமான சத்தம். பிறகு சீட்டி. பிறகு போல்ட்டைத் தள்ளும் ஓசை. அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. மறுபடியும் போல்ட், இந்தத் தரம் முரட்டுத்தனமாக. அதன்பின் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமேயில்லை.

படியில் பூட்ஸ். இடது, இடது.

எய்விந்த் உள்ளே வந்து ஒரு தோட்டாவை மேஜைமேல் வைத்தான். பச்சை படிந்த பழைய எட்டு மில்லி. கழுத்தைச் சுற்றிப் புதிதாக ஒரு கீறல் மின்னியது.

"பையில ஓட்டை. லைனிங்குக்குள்ள கெடந்துருக்கு. இருட்டிட்டு வந்துச்சா, பாக்காம புதுசுன்னு போட்டேன். உள்ள போகவே மாட்டேன்னுடுச்சு." உட்கார்ந்தான். "அமெரிக்கனா இருந்திருந்தா..."

அவள் அவனுக்கும் தனக்கும் காபி ஊற்றினாள்.

"அக்கா, அப்பா நெஜமாவே சொன்னாரா?"

உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். அப்போது படியில் ஊசியிலைகள் நொறுங்கின. பூட்ஸ். வலது கால், நிதானமாக மூன்று தரம், முட்டிவலிக்காரர் தட்டுவதுபோல.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் அசையவில்லை. எய்விந்த் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நீலக் கரைபோட்ட பெரிய கோப்பையை எடுத்துவந்து, இரண்டு கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்தான். சுன்னிவா அதில் காபி ஊற்றினாள்.