வரைபடம் விழுங்கிய மேடு

மலையடிவாரத்து ஊர் அது. தாத்தா காலத்தில் வரைந்த ஒரே வரைபடம்தான் அதற்கு இருந்தது. வாய்க்கால், மதகு, தோப்பு, களம் எல்லாம் அதில் உண்டு. மேடுபள்ளம் காட்டும் பழுப்பு நிற உயரக்கோடுகளும் உண்டு. அதைப் பார்த்துத்தான் பெரிய பொறியாளர் கடைமடை வயல்களுக்குப் புது வாய்க்கால் போக வழி குறித்திருந்தார்.

அந்த வழியில் முளை அடிக்கும் வேலை சர்வேயருக்கு வந்தது. வரைபடத்தை விரித்ததுமே அவளுக்கு ஒன்று உறுத்தியது. மற்ற கோடுகளெல்லாம் கோணல்மாணலாக நெளிய, இப்போது மரக்கடை இருக்கும் இடத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு கோடு வழுவழுவென்று வளைந்து போனது. அந்தக் காலத்தில் அங்கே முள்காடு. வரைந்தவர் உள்ளே நுழையாமலே குத்துமதிப்பாக இழுத்துவிட்டாரோ?

அளவுகோல் பிடிக்கக் கொழுந்தனைக் கூட்டிப் போனாள். கடைமடையில் அவனுக்கும் ஒரு கொய்யாத் தோட்டம் இருந்தது. கருவியில் கண் வைத்ததும் சந்தேகம் தீர்ந்தது. சரிவு இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயர மேடு. தண்ணீர் சுற்றித்தான் போக வேண்டும். அதுவும் கொய்யாத் தோட்டத்தின் நடுவே.

"அண்ணி, விளையாடாதீங்க. வேற வழியே இல்லையா?"

"தண்ணிக்குச் சொந்தபந்தமெல்லாம் தெரியாதுப்பா."

அவன் வரப்பில் உட்கார்ந்து தோட்டத்தையே வெறித்தான். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். "சரி, வெட்டுங்க. காஞ்ச தோட்டத்த முழுசா வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

பொறியாளர் லேசில் மசியவில்லை. "இத்தனை வருஷமா இந்த வரைபடம் பிசகினதே இல்லம்மா."

"இந்த மேட்டுல பிசகியிருக்கு, சார். வந்து நீங்களே அளந்து பாருங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் தன் கையாலேயே அளந்தார். அவள் நிழலில் நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். கணக்கு இம்மி பிசகாமல் அவள் சொன்னபடியே வந்தது.

"வழிய மாத்திடு," என்றார் அவர். "வரைபடத்துலயும் திருத்திடு. திருத்தினது நீதான்னு கீழ எழுது."

மதகு திறந்த அன்று தண்ணீரோடு கூடவே ஊரும் நடந்தது. தோட்டத்து வளைவில் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. அடுத்த கணம் அது திரும்பிப் பாய்ந்தது. கடைமடையில் ஒரே கூச்சல்.

அக்கரையில் மாட்டிக்கொண்ட கொழுந்தன் கத்தினான்: "அண்ணி! நான் எப்படி இந்தப் பக்கம் வர்றது?"

"செருப்பக் கழட்டிட்டு இறங்கி வா!" என்றாள் அவள்.