மீசையில் மகரந்தம்

பூனையின் மீசையில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் பூக்கடைக்காரி சாவியைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்தவள், செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. சோபாவுக்கு அடியில் வாந்தி. பக்கத்தில் கலெக்டர் உடம்பைக் குறுக்கிப் படுத்திருந்தது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிரில் வந்து நின்று மேலும் கீழும் பார்க்கிற பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பது? இன்றைக்கு அது தலையைத் தூக்கவே இல்லை.

அந்தத் தூளைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லில்லி விரிந்ததும் நடுவில் ஆடுகிற மகரந்தத்தைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிப் போகிறவர்களின் துணியில் கறையேறும், தலைகீழாக நின்றாலும் போகாது. கிள்ளிய விரலை, கடையில் மேலே கட்டிக்கொள்கிற ஏப்ரனில் துடைத்துத் துடைத்து அவளுக்கு அது அனிச்சையாகிவிட்டது. பூனைக்கு லில்லி எமன், இலை, இதழ், ஜாடித் தண்ணீர் எதுவுமே ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு ஒரு காம்பைக்கூடக் கொண்டுவந்ததில்லை. ஜன்னலோரம் இருந்த செடித் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கடைக்குக் கடத்திவிட்டாள். பூக்கடைக்காரி வீட்டில் ஒரு பச்சை இலை இல்லையா என்று வருகிறவர்கள் கிண்டலடித்தார்கள். அடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஏப்ரனை எங்கே துவைப்பது? பின்வாசலுக்கு வெளியே, மூடி போட்ட டப்பில் போட்டு வைப்பாள். காலையில் கிளம்பும்போது அந்த மூடியை அழுத்தினேனா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பூனை அவளுடையது அல்ல. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கணவரோடு அவர் மகள் கிடைத்தாள், மகளோடு பூனை கிடைத்தது. பெற்றவள் உயிரோடு இருந்தபோது மழையில் நனைந்து கிடந்த குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாளாம். அந்தப் பெண் இவளை அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. "சாவி வேணும்", "குடை எங்க" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள். பூனையிடம் மட்டும்தான் மணிக்கணக்கில் பேச்சு, அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. இந்தப் பூனை போய்விட்டால், அதுவும் தன் விரல் தூளால் போய்விட்டால், இனி எந்த முகத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது?

ஈரத்துணியால் மீசையைத் துடைத்து, துண்டில் பூனையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அரைநாள் பள்ளி முடிந்து பையோடு அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

"என்னாச்சு? ஏன் அதைக் கட்டுறீங்க?"

"டாக்டர்கிட்ட போறோம். கூடையை எடு. காலை நக்க விடாம பிடிச்சுக்கோ."

"என்னாச்சுன்னு சொல்லுங்க!"

"ஆட்டோல சொல்றேன், வா."

ஆட்டோவில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. வெளியூருக்கு லாரி ஓட்டிப் போயிருந்த கணவரை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

மேஜைமேல் வைத்ததும் கால்நடை மருத்துவர் துண்டை விலக்கினார். முன்னங்காலில் இருந்த கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"லில்லியா?"

"ஆமா டாக்டர். என் ஏப்ரன்ல இருந்த தூள்."

"பூனையை வச்சுக்கிட்டா இப்படி? இது நேரா கிட்னியைப் பிடிக்கும்மா. எப்ப நக்குச்சு? நேத்தா, இன்னைக்கா? சும்மா குத்துமதிப்பா சொல்லாதீங்க, அதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

"இன்னைக்குக் காலையில இருக்கும். மூடியைச் சரியா மூடாம கடைக்கு ஓடிட்டேன் போல. என் தப்புதான்."

சொல்லும்போதே அது நிஜம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவசரத்தில் ஓடுகிறவள்தானே அவள்.

"காலையில இல்ல," என்றாள் பெண்.

இருவரும் திரும்பினார்கள். கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். காது மடல் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம். மூடி மூடித்தான் இருந்துச்சு. நான்தான் திறந்து உங்க ஏப்ரனை எடுத்து, அதோட கூடையில விரிச்சேன், ராத்திரி திரும்ப உள்ள போட்டுட்டேன். அதுக்கு உங்க வாசனை பிடிக்கும். நீங்க கடைக்குப் போனா கதவுகிட்டயே உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது. அதான்." கூடையின் கைப்பிடியைத் திருகினாள். "எனக்குத் தெரியாது. தொட்டியெல்லாம் தூக்கிட்டுப் போனப்பகூட, எங்கம்மா வச்ச செடின்னு பிடிக்காம தூக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

பூக்கடைக்காரிக்குச் சுரீரென்றது. காரணத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்தவுடன் சட்டம் போடுகிறாள் என்று பெண் நினைத்துவிடுவாளோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் வாய் பேசாமல் தானே செய்து முடித்தாள். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தாள்.

"நேத்து சாயங்காலமா?" மருத்துவர் அதற்குள் ஊசியை எடுத்திருந்தார். "நல்லவேளை சொன்ன. இன்னைக்குத்தான்னு நெனச்சு வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன். இப்பவே டிரிப் ஏத்தணும். இன்னும் கை மீறல. மீறாதுன்னும் என்னால சொல்ல முடியாது."

பூனையைக் குளிப்பாட்டி, முன்னங்காலில் ஊசி செருகி, கூண்டுக்குள் வெள்ளைக் காகிதம் விரித்து விட்டார்கள். அது ஒன்றுக்குப் போனால் கிட்னி வேலை செய்கிறது என்று அர்த்தமாம். போகவில்லையென்றால் என்ன அர்த்தம் என்பதை மருத்துவர் சொல்லாமலே அடுத்த அறைக்குப் போனார். கூண்டுக்கு எதிரே ஒரே பெஞ்சுதான் இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள்.

"செத்துப்போச்சுன்னா என்னைத் திட்டுவீங்களா?"

"உன்கிட்ட சொல்லாம விட்டது யாரு? திட்டுறதா இருந்தா முதல்ல என்னைத்தான் திட்டிக்கணும்."

"அப்பாகிட்ட?"

"ரெண்டு பேருமா சொல்லுவோம்."

பெண் தலையாட்டினாள். பாட்டிலிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டேயிருந்தது. இத்தனை தண்ணீரும் உள்ளே போய் எங்கேதான் தங்குகிறது என்று பூக்கடைக்காரிக்குப் பதறியது. சாமி எதுவானாலும் சரி, இந்த ஒரு முறை என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கூண்டுக்குள் ஏதோ அசைந்தது. கலெக்டர் எழுந்து நின்றது. கால்கள் நடுங்கின. டியூபை இழுத்துக்கொண்டு காகிதத்தின்மேல் ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று. பெண்ணின் கை வந்து பூக்கடைக்காரியின் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கியது. பூனை பின்னங்கால்களை மடக்கிக் குந்தியது. வால் மெல்ல உயர்ந்தது. இருவரும் மூச்சுவிடாமல் முன்னால் குனிந்தார்கள். காகிதம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.