கேட்கக் கூடாத கேள்வி

வெள்ளிக்கிழமை மத்தியானம் படகுக்காரன் ஹார்ட்மன் மீன்கூடையோடு வருவான், அவனிடம் யாரும் வாயைத் திறந்து எதுவும் கேட்கக் கூடாது என்று யூத மதகுரு ரபீ யெகுத்தியேல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மகள் பெல்லெட்டுக்கு மட்டும் இன்னொரு உத்தரவும் உண்டு. அவள் அழக் கூடாது.

அவள் புருஷன் அஷேர், கோலோன் சந்தைக்குப் போகிறேன் என்று படகேறியவன். ரைன் நதி வெள்ளத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள், அவன் ஏறவில்லை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பூசை வைத்து அழுது முடித்திருப்பார்கள். யூதர்களின் சட்டம் அப்படி விடாது. கரை தெரியாத நீரில் விழுந்தவன் எங்கேயாவது பிழைத்துக் கிடக்கலாம், ஆகவே அவன் மனைவி விதவை இல்லை, இன்னொருவனைக் கட்டக் கூடாது. அது கடலுக்கான சட்டமாயிற்றே, நதிக்குத்தான் இரண்டு கரையும் தெரிகிறதே என்று ஊரில் சிலர் வாதாடிப் பார்த்ததுண்டு. மேலேயும் கீழேயும் நதியின் முடிவு தெரிகிறதா என்று திருப்பிக் கேட்டு, நதியும் கரை தெரியாத நீர்தான் என்று எழுதி வைத்தவர் ரபீ யெகுத்தியேல். அப்போது பெல்லெட்டுக்குப் பால்பல்கூட விழவில்லை. அந்தத் தீர்ப்பைப் பாரிஸிலிருந்து பிராக் வரை பிரதியெடுத்துப் படித்தார்கள். பெரிய மனுஷன் என்று பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அந்தப் பெயர் இப்போது பெற்ற மகளின் கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஷ்பேயரில் ஷ்னேயோர் என்று ஒருவன் இருந்தான். மனைவியை இழந்தவன், திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன், சத்தமாகச் சிரிக்கிறவன். பெல்லெட்டுக்கு அவனைப் பிடித்திருந்தது. அறுவடை முடிந்து வரும் கூடாரப் பண்டிகை வரை காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவனுக்குத் தாயில்லாத இரண்டு பிள்ளைகள், அதற்கு மேல் காத்திருக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அந்த நேரத்தில்தான் ரபீயின் அக்கா மின்னா மீன்சந்தையில் ஒரு பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பிங்கன் ஊருக்குக் கீழே நாணல் புதரில் ஒதுங்கிய ஒரு யூதனின் பிணத்தை ஹார்ட்மன் எடுத்துப் புதைத்தானாம். யார் என்று மீன்காரிக்குத் தெரியவில்லை. ஆனால் ஹார்ட்மனுக்குத் தெரிந்திருக்கும். அஷேரை எத்தனையோ முறை ஏற்றிப் போனவன் அவன்.

பெண்களின் கஷ்டத்தைப் பார்த்து முன்னோர்கள் ஒரே ஒரு சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். வேற்று மதத்தானே ஆனாலும், யாரும் கேட்காமல், சாட்சி சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பேச்சுவாக்கில் இன்னார் செத்தார் என்று சொன்னால் போதும், அவள் விடுதலை. முதலில் நாம் கேட்டுவிட்டால் போயிற்று. நம்மைச் சந்தோஷப்படுத்தச் சொன்னதாகிவிடும், பிறகு அவன் எத்தனை முறை சொன்னாலும் செல்லாது. யெகுத்தியேல் அதையும் இறுக்கியிருந்தார். சாடை காட்டுவதும் கேள்வி, எதிரில் நின்று கண்ணீர் விடுவதும் கேள்வி.

"உலகத்துக்கெல்லாம் நீ ரபீ, எனக்கு மூக்கொழுகுற தம்பி" என்றாள் மின்னா. "அந்த சன்னல்ல இம்புட்டுக் கம்பியை ஏன்டா வெச்சே?"



உறவுக்காரர் காது சாட்சிக்கு ஆகாது என்பதால் மெனாகேம் என்ற மாணவனும் அவன் நண்பனும் மூலையில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார்கள். ஹார்ட்மன் வந்தான். மின்னா அவனை உட்கார வைத்து பீரும் கம்பு ரொட்டியும் வெங்காயமும் வைத்தாள். மனுஷன் பேசினான், பேசினான், வாய் ஓயவில்லை. கடைவாய்ப் பல் வலியைப் பற்றி, கோட்டைக்காரன் பிடுங்கும் சுங்கத்தைப் பற்றி, மருமகன் சோம்பேறி என்பதைப் பற்றி. நதி இந்த வருஷம் பேயாக ஓடுகிறது என்றான். பெல்லெட் அவன் வாயையே பார்த்தாள். ஒரு குதிரை அடித்துக்கொண்டு போனதாம். நல்ல குதிரையாம். அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

சொல்லேன், பாவி, சொல்லித் தொலையேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அவன் இரண்டொரு தடவை அவளைப் பார்த்தான், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். படகை விற்றுவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை மலைநாட்டு மகளிடம் போய்ச் சேரப் போவதாகவும், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சொன்னான். கூடையை எடுத்தான். கதவைத் திறந்தான்.

"ஹார்ட்மன்" என்று குரல் வந்தது. அப்பாவின் குரல். "எம் மருமகனைப் பாத்தியாப்பா?"

மெனாகேம் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது.

ஹார்ட்மன் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "பாத்தேன் ஐயா. நான்தான் எடுத்தேன். மறுநாளே ஒதுங்கிட்டாரு, முகம் அப்படியே இருந்துச்சு, நம்ம அஷேர் ஐயாதான். பக்கத்துலயே குழி தோண்டிப் புதைச்சேன். நீங்க யாரும் கேக்கலையேன்னுதான் நானும் பேச்செடுக்கல. கேக்காத வீட்டுல சாவைப் பத்தி நானா எப்படிங்க ஆரம்பிப்பேன்? பாப்பா முகத்தைப் பாத்துக்கிட்டே சொல்ல வாய் வரல."

பிறகு அழுதுகொண்டே போய்விட்டான்.

 மெனாகேம்தான் மெதுவாகச் சொன்னான். "ரபீ, எங்க ரெண்டு பேர் காதுலயும் கேள்வி விழல. அவரா சொன்னதுதான் விழுந்துச்சு."

யெகுத்தியேல் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று பெல்லெட் நம்பினாள்.

"எங் காதுல விழுந்துச்சேப்பா" என்றார்.

மின்னா வாய்க்கு வந்தபடி திட்டினாள். பெல்லெட்டுக்குத் திட்டத் தோன்றவில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் ரபீயாகவே இருந்த மனுஷன் ஒரே ஒரு தடவை அப்பாவாக வாயைத் திறந்தார், அதுவே அவள் வாழ்க்கையை மூடிவிட்டது. யாரிடம் போய் நோவது?

"துக்கம் காக்கலாமாப்பா? ஏழு நாள் உக்காரலாமா?"

"ஊர் பாத்தா நீ விதவைன்னு நெனச்சுக்கும். கூடாதும்மா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டு அழு" என்றார்.

பண்டிகை முடிந்ததும் ஷ்னேயோர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். குளிர்காலத்தில் ட்ருவா ஊர்ப் பக்கத்திலிருந்து ரபீக்கு ஒரு கேள்வி வந்தது. அங்கும் ஒருத்தியின் புருஷனை நதி கொண்டுபோயிருந்தது. அங்கும் ஒரு ஆட்டிடையன் பிணத்தைக் கண்ணால் கண்டிருந்தான், மாமியார் அவசரப்பட்டு முந்திக் கேட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் நிலை என்ன?

அவர் பேனாவை மையில் தோய்ப்பதும் எழுதாமலே வைப்பதுமாக இருந்தார். பெல்லெட் அடுப்புக்கு விறகு கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"அவளையாவது விட்டுடுங்கப்பா."

"எப்படிம்மா விடுவேன்? உன் விஷயம் நடந்த பெறகு நான் இளகிக் கொடுத்தா, மகளுக்கு வழி பண்றதுக்காக சட்டத்தை வளைச்சிட்டான்னுதானே சொல்வாங்க? அப்புறம் நான் எழுதின எதைத்தான் நம்புவாங்க?" அவர் கைகளை விரித்தார். "எங் கையில ஒண்ணுமில்ல பெல்லெட். நெசமா ஒண்ணுமில்ல."

அவள் விறகை இறக்கி வைத்தாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். லேயா என்று எழுதியிருந்தது. ஆனால் அது அவள் பெயரல்ல. இப்படிப்பட்ட கேள்விகளில் எந்தப் பெண்ணின் சொந்தப் பெயரையும் எழுதுவதில்லை, எல்லோருமே லேயாதான். பெல்லெட்டின் வழக்கையும் மெனாகேம் பிரதியெடுத்து மூன்று ஊர்களுக்கு அனுப்பியிருந்தான். அதில் தன்னை என்னவென்று எழுதியிருப்பான் என்று அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. அடுப்பில் விறகைத் திணித்தாள். பின்னால் அவர் எழுத ஆரம்பித்திருந்தார்.