ஒன்பது மில்லி இடைவெளி

...மேலே மூன்று மில்லி, கீழே ஒன்பது மில்லி, இதற்குப் பேர் ஃபெண்டரா, இல்லை சக்கரத்து மேலே கவிழ்த்துவைத்த பக்கெட்டா என்று காருக்கடியில் மல்லாந்து படுத்தபடியே யோசித்தான், கதவுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது, மேலே ஊசி மாதிரி, கீழே கட்டைவிரல் மாதிரி... கார் கம்பெனியின் அசல் தகடு வர இரண்டு மாதம் ஆகுமாம், எவனோ அதைப் பார்த்து அச்சு எடுத்த டூப்ளிகேட் ஒன்பதே நாளில் கறுப்புப் பூச்சோடு வந்துவிட்டது, வந்ததன் லட்சணம் இது. இருபத்திரண்டு வருட டிங்கர் வேலை, கடையில் அவனுக்கு அரைமில்லி என்று பட்டப்பேர், அரை மில்லி விலகினாலும் எல்லா போல்ட்டையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான் என்று. அப்பேர்ப்பட்ட அரைமில்லி சொந்தக் காருக்கு, அதுவும் மனைவி ஓட்டுகிற காருக்கு... ஓட்டுகிற காரா, ஓட்டிய காரா? அங்கேதான் உதைக்கிறது.

லைசென்ஸ் வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது, வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது இடது பக்கத்தைத் தூணில் வைத்து நசுக்கிவிட்டாள், நசுங்கினால் என்ன, புருஷன் டிங்கர், அதோடு விட்டிருக்கலாம், இவன் வாய் சும்மா இருந்ததா? தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வாசலில் நிற்கும்போதா, "பாவம், தூண் ரோட்டைக் கடக்கிற நேரம் பார்த்து இவ வந்துட்டா" என்று சொல்ல வேண்டும்... எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சாவியை ஃபிரிட்ஜ் மேலே வைத்தாள், "இனிமே நீங்களே ஓட்டுங்க" என்றாள், அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்யலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் இறக்கி வைக்கலாம், அவளோ எப்போதும் போலச் சிரிக்கிறாள், பேசுகிறாள், தைக்கிறாள், ஆஸ்பத்திரிக்குத் தைத்த யூனிஃபார்ம் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போய்விடுகிறாள். அந்த மூட்டைக்காகத்தானே லைசென்ஸே வாங்கினது! நாளைக்கு நாற்பது செட் போக வேண்டும். அடிபட்ட சுவடே தெரியாமல் செய்துவிட்டால் மறுபடி ஓட்டுவாள், இது அவன் கணக்கு, ஐந்து மணிக்கு ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்று காலையில் கெஞ்சிவிட்டு வந்திருக்கிறான், இப்போது மணி மூன்றரை, கீழே ஒன்பது மில்லி.

"அண்ணே, அந்தச் சந்துல எலி குடும்பத்தோட போய் வரலாம் போலிருக்கே" என்றான் பெயிண்டர், டப்பாவைக் கலக்கியபடியே. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றதற்கு, "நான் தகட்டுக்குத்தான் பெயிண்ட் அடிப்பேன், காத்துக்கு அடிக்கத் தெரியாது" என்று பதில் வேறு. கோபத்தில் தகடு விற்றவனுக்குப் போன் போட்டு, "யோவ், எந்த வண்டிய பார்த்துய்யா அச்சு எடுத்தீங்க?" என்று கேட்டால், அவன் அசரவில்லை, "உங்க வண்டியத்தாண்ணே. இந்த மாசம் ஆறு பீஸ் போயிருக்கு, ஒருத்தரும் திட்டல, நீங்கதான் போணி" என்கிறான். ஆறு பேருக்கும் கண் தெரியாது போல.

இதோ நிரூபிக்கிறேன் என்று நசுங்கிய பழைய தகட்டை இழுத்துப் போட்டு, அதன் மேல் புதியதை ஏற்றிப் பார்த்தான், நசுங்காத மேல் ஓரத்தில் ஓட்டைக்கு ஓட்டை ஐந்து மில்லி தள்ளியிருந்தது, பார்த்தாயா, பார்த்தாயா என்று மனசு துள்ளியது... துள்ளியது பாதியில் நின்றது. பழைய ஓட்டைகள் வட்டமாக இல்லை, அரம் போட்டு ராவி நீட்டியிருக்கிறது. போல்ட்டுக்கு அடியில் இரண்டு வாஷர், அதில் ஒன்று தகரத்தில் வெட்டியது. கம்பெனிக்காரன் தகரம் வெட்டமாட்டானே, எந்த மடையன் செய்த வேலை இது, இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து ராவியிருக்கிறான், கை பழகாதவன், இல்லை, கை பழகினவன்தான், இப்படிச் சாய்த்து ராவுகிற கை... குனிந்து தன் கையைப் பார்த்தான். அடடா.

மூன்று வருடம் ஆகியிருக்குமா, மார்க்கெட் பின்புறம், நல்ல மழை, ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே நிறுத்தினான், விளக்குக் கம்பம், டொக்கென்று ஒரு சத்தம்தான். ஹெட்லைட்டுக்குப் பின்னால் தகட்டைத் தாங்குகிற பிராக்கெட் ஐந்து மில்லி உள்ளே போய்விட்டது, முறையாக இழுக்க நேரமில்லை, மறுநாள் காலையில் ஓட்டையை ராவி, வாஷர் கொடுத்து, பட்டி பூசி, வீட்டில் கேட்டதற்கு ஆயில் மாற்றினேன் என்றான். ஆக, புதுத் தகடு சரி, கார்தான் கோணல், அந்த ஆறு பேருக்கும் கண் நன்றாகவே தெரிகிறது, போன் போட்டு அந்த வியாபாரியிடம் வேறு... சரி, அது அப்புறம். இப்போது என்ன? புதியதிலும் ஓட்டையை ராவினால் பத்து நிமிஷம், வாஷர் இரண்டு, யாருக்குத் தெரியும்? அரம் கைக்கே வந்துவிட்டது. இரண்டு இழுப்பு இழுக்கவும் செய்தான், பிறகு ஏனோ கை ஓடவில்லை... அவள் பாட்டுக்கு, இந்தக் காரை இடித்த ஒரே ஆள் தான்தான் என்று நினைத்துக்கொண்டு மூட்டை தூக்குவாள், இவன் பாட்டுக்கு அரைமில்லி என்று பேர் வாங்கிக்கொண்டு திரிவான், நன்றாகத்தான் இருக்கும், இல்லை?

அரத்தைப் போட்டுவிட்டுச் சங்கிலியை எடுத்தான். பிராக்கெட்டில் கொக்கி மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி, அளந்து, மறுபடி இழுத்து, மறுபடி அளந்து, தகட்டை வைத்தால் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தானாகப் போய் உட்கார்ந்தது, கதவோரம் மேலிருந்து கீழ்வரை ஒரே நாலு மில்லி. பெயிண்டர் வந்து பார்த்து, "எலிக்கு வழி அடைச்சிட்டீங்களே" என்று வருத்தப்பட்டான்.

ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டாள், அளவு டேப் கழுத்திலேயே தொங்குகிறது, வந்தவள் அவனைப் பார்க்காமல் காரோரம் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தையலைப் பார்ப்பது போல அந்தக் கோட்டைப் பார்த்தாள். "கறுப்பா இருக்கு?" என்றாள். "மாட்டிப் பார்த்துட்டுத்தான் பெயிண்ட் அடிக்கணும். நாளைக்கு அடிச்சிட்டா அடிபட்டதே தெரியாது" என்றான், அடுத்ததைச் சொல்ல எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தான், வந்ததென்னவோ ஒரே மூச்சில், "இந்தப் பக்கம் நானும் ஒரு தடவ இடிச்சிருக்கேன், கம்பத்துல, உன்கிட்ட சொல்லல." கலக்குகிற சத்தம் நின்றது, பெயிண்டருக்குக் காது மட்டும் கூர்மை. அவள் நிமிர்ந்து அவனிடம் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. கடை மூடுறதுக்குள்ள நூல் வாங்கணும்."

"பெயிண்ட் அடிக்கலையே, எல்லாரும் பார்ப்பாங்க..."

"பார்க்கட்டும். நாளைக்கு மூட்டை போயாகணும். பெயிண்ட்ட அப்புறம் மெதுவா அடிங்க."

பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான், மனசு காற்றடைத்த டயர் மாதிரி இருந்தது, சுவடு தெரியக்கூடாது என்று இத்தனை நாள் போட்ட கணக்கு என்ன, இவள் ஒரு பக்கம் கறுப்பாக ஊரெல்லாம் ஓட்டப்போவது என்ன... சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். கழுத்தைத் திருப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்தாள். எந்தக் கம்பம், எப்போது, யார் பார்த்தார்கள்... அட, அவள் ஒன்றுகூடக் கேட்கவில்லையே? நாலு பொத்தான் வாங்கினாலும் கடைக்காரரை ஒன்பது கேள்வி கேட்கிறவள், ஒரு ஆச்சரியம்கூட இல்லை, அப்படியானால் மூன்று வருடமாகவே தெரியுமா... கேட்டுவிடலாமா? வாயைத் திறந்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது.