திங்கட்கிழமை விரல்

கழிப்பறைத் தரையில் எறும்பு அப்பிக்கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்து மொய்த்துக்கொண்டன. சீ என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். வழக்கமாக இந்த எறும்புக்கு என் வீட்டுக்காரரைத்தான் திட்டுவேன். பத்து வருஷமாகச் சர்க்கரை, ஒரு நாளும் வாயைக் கட்டியதில்லை, எறும்பு வராமல் என்ன செய்யும். ஆனால் அவர் ஓட்டுநர் பயிற்சிக்கென்று வெளியூர் போய் மூன்று நாளாகியிருந்தது. மகள் குட்டியும் பரீட்சைக்குப் படிக்கவென்று மாடியில் அவளுடைய அத்தை வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் இருந்தது நான் மட்டும். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுத் தையல் மிஷினில் போய் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு கம்பெனிக்குப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். சர்க்கரை உள்ள ஓட்டுநர்கள் திங்கட்கிழமைதோறும் வெறும் வயிற்றில் சோதித்து, மீட்டரைக் கம்பெனி நர்ஸிடம் காட்ட வேண்டும். மீட்டரில் ஏறிய எண்ணை அழிக்க முடியாது. நூற்றைம்பதைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். வாயைக் கட்ட முடியாத மனுஷன் கம்பெனியின் கண்ணைக் கட்டக் கிளம்பினார். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மீட்டரை என் முன்னால் வைத்து, "உன் விரலக் குடு" என்றார். "தெனம் தையல் ஊசியில குத்திக்கிறவதானே நீ. இன்னொரு குத்துல என்ன கொறஞ்சிடப்போற?"

கொடுத்தேன். தொண்ணூற்றேழு. பரீட்சையில் தேறிய பிள்ளைபோல அவர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அவருடைய சீருடைச் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பைகளைத் துழாவ வேண்டும். இல்லாவிட்டால் வாஷிங் மிஷின் முழுக்க அப்பிக்கொள்ளும். வியர்வையில் ஊறிய கிரீம் பிஸ்கட், பல் பதிந்த கேக், நூலும் தூசியும் ஒட்டிய சாக்லேட். பேருந்தில் அவர் சீட்டுக்கடியில் உருளும் கூல்டிரிங்க் பாட்டில்களைக் குட்டிதான் பொறுக்கிக்கொண்டு வருவாள். எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். பிடுங்கியதை என்ன செய்வது? எறியக் கை வராது. காலையிலிருந்து பொழுது சாயும்வரை தையல் மிஷின் முன்னால் ஒரே நாற்காலி, ஒரு கால் மிதித்துக்கொண்டே இருக்கும், ஒரு கை தன்பாட்டுக்கு டப்பாவுக்குப் போய்வரும். கடித்த கேக்கில் அவர் கடித்த பக்கத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்றிருக்கிறேன். எழுதவே குமட்டுகிறது.

நூற்றுப் பன்னிரண்டு, நூற்று இருபத்தொன்பது, நூற்று நாற்பத்தொன்று என்று எண் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும், "பாருங்க, ஏறுது, இனிமேலாவது தின்னாதீங்க" என்று அவரிடம்தான் சண்டை போட்டேன். அவரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு தலையாட்டுவார். அது என் ரத்தம் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

பயிற்சி முடிந்து ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு மாதமாக ஆறாத புண். கட்டைப் பிரித்தபோது எழுந்த நாற்றத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அந்தக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டே டீயில் நாலாவது கரண்டிச் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினார். "மத்தியானம் ஆனா கண்ணு மங்குதும்மா. எதிர்ல வர்ற வண்டி ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார், வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. நாற்பது பிள்ளைகள் ஏறும் வண்டி. குட்டி அவருக்கு நேர் பின்சீட்டில்தான் உட்காருவாள்.

திங்கட்கிழமை காலை. வாசலில் பேருந்து கதவைத் திறந்துவைத்தபடி நின்றது. அவர் என் விரலைக் குத்தினார், அதே ஊசி, மாதக்கணக்காக மாற்றாத ஊசி. மீட்டர் ஐந்திலிருந்து கீழே எண்ணியது. நூற்றுத் தொண்ணூற்றாறு.

"கையக் கழுவினியா?"

"கழுவினேன்."

"என்னத்தத் தின்னு தொலச்ச நீ?"

உங்க பையில இருந்ததைத்தான் என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. கழிப்பறைத் தரை கண்முன் வந்தது. அந்த எறும்பு எனக்காகத்தான் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை, உனக்கென்ன ஆச்சு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சு. இது ஏதோ தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லிக்கலாம், அடுத்ததாப் பதிவாகிறது சரியா இருந்தாப் போதும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "குட்டியக் கூப்பிடு. சின்னப் புள்ள, ரத்தம் சுத்தமா இருக்கும்."

இந்த மனுஷனோடு பதினாறு வருஷம் ஒரே தட்டில் தின்றிருக்கிறேன்.

"கூப்பிடு, என்ன பாக்கிற?"

"கையக் குடுங்க."

"யாரு கைய?"

"உங்க கையத்தான்."

வேலை போயிடும்டி என்றார். புது ஊசி மாட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விரல் நுனி பிசுபிசுத்தது. ஈரத் துணியால் நகக்கண்வரை தேய்த்துத் துடைத்தேன். கையை விடுவித்துக்கொள்ளும் பலம் அவருக்கு உண்டு. ஏனோ விடுவித்துக்கொள்ளவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்து வருஷத்தில் முதல் தடவையாகத் தன் விரலில் குத்து வாங்குகிறவர் மாதிரி.

குத்தினேன். சொட்டு மெதுவாகத் திரண்டு வந்தது. மீட்டரில் செருகிய சோதனைப் பட்டையின் நுனி அதை உறிஞ்சிக்கொண்டது.

மாடிப்படியில் ஷூ சத்தம். குட்டி பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "அப்பா, போலாமா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் அவர் விரலை விடவில்லை. மீட்டர் ஐந்து என்றது, நான்கு என்றது.