அப்பாவின் டார்ச்சுக்கு ஒரு போர்டு

சுபாஸ்ரீ எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் டேனியல் என்னிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான்.

டேனியல் என் அண்ணன். தெலுங்கும் உருதுவும் கலந்து பேசும் இந்த ஊரில், அல்வாலில் ஒரு யு.பி.எஸ். ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் வீட்டில் டார்ச் செய்வான். அலுமினியக் குழாயை லேத்காரரிடம் கடைந்து வாங்கி, எல்.இ.டி., லென்ஸ், பட்டன் எல்லாம் தனித்தனியாகத் தேடி, கேட்டவரின் வேலைக்கு ஏற்றமாதிரி செய்து தருவான். ஈயம் வைப்பது நான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆனால் சாலிடரிங் கம்பியைப் பிடித்தால் என் கை நடுங்காது. இரண்டு வருடமாக, "சபி, இதுக்கு எந்த போர்டு போடலாம்?" என்று அவன் கேட்பான், நான் சொல்வேன். வீட்டில் என்னைக் கேட்டுச் செய்யும் காரியம் அது ஒன்றுதான்.

போர்டு என்றால் டிரைவர் போர்டு. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவில் இருக்கும். எவ்வளவு கரண்ட் போகவேண்டும், பட்டனை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். குழாய் அழகாக இருந்து போர்டு தப்பாகப் போனால் டார்ச் கையைச் சுடும், அல்லது பாதி வழியில் மங்கிவிடும்.

சுபாஸ்ரீ இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அப்பா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர், ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். கல்லூரி புராஜெக்ட்டுக்காகக் கடைக்கு வந்தவளை டேனியல் வீட்டுக்கே கூட்டிவந்தான். அவள் மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்டாக அளப்பாள். அளந்த கணக்கை ஒரு நோட்டில் எழுதுவாள். அம்மா போடும் டீயைக் குடித்துவிட்டு, "ஆன்ட்டி, எங்க வீட்ல இப்படி டீ போட ஆளே இல்லைங்க" என்பாள். அம்மா என்னைப் பார்த்து, "பேசினா என்ன அழகா இருக்கு பாரு. நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்" என்பாள்.

ஜூன் மாதம் அப்பாவுக்கு டார்ச் செய்ய வேண்டியிருந்தது. அப்பா, இருதயராஜ், ரயில்வேயில் தண்டவாளம் பார்ப்பவர். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கப் பாதையோரமாக நடந்து, ஜல்லிக்கு அடியில் தண்ணீர் அரித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சிக்னல் காட்ட ஆபீஸ் விளக்கு தனியாக உண்டு. இது கால் வைக்கும் இடத்தைப் பார்க்க.

டேனியல் மேஜைமேல் இரண்டு போர்டுகளை வைத்தான். வைத்துவிட்டு சுபாஸ்ரீயைப் பார்த்தான்.

"இது நாலு சிப். ஒண்ணரை ஆம்ப் கூட வராது. சின்ன வெளிச்சம், பெரிய வெளிச்சம், ரெண்டே மோடு. இது எட்டு சிப். கரண்ட் ரெண்டு மடங்கு, அஞ்சு மோடு."

"எட்டு சிப்பே போட்டுடலாங்க" என்றாள் அவள். "மழைல வெளிச்சம் பத்தாமப் போயிடக் கூடாதில்ல? அதுவுமில்லாம இதுல நாலாவது மோடு ஸ்ட்ரோப். பட்படன்னு மினுக்கும். நாய் கிட்டயே வராது."

"ஹவ், ஆமா, அப்பாவுக்கு ரயில்னா பயமில்ல, நாய்னாதான் பயம்" என்று டேனியல் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வயதில் ஒருநாள் வேலியருகே நின்று, வருகிற ரயிலைப் பார்த்து ஒரு டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிட்டேன். அப்பா ஓடிவந்து அறைந்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான். "ஆடுற வெளிச்சம், மினுக்குற வெளிச்சம், எதப் பாத்தாலும் டிரைவர் ஆபத்துன்னு நெனச்சு பிரேக் போட்டுடுவான்டி" என்றார். டேனியல் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அப்பா அறைந்தது அவனுக்குத் தெரியாது.

"சபீனா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று சுபாஸ்ரீ திரும்பினாள். "சாலிடர் பண்றது நீங்கதானே."

டேனியல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்டாள். என் வீட்டில், என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பதுபோலக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என் திட்டம் பெரியதல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் வீட்டில் இருப்போம். அவளும் வருவாள். அப்பா டார்ச்சை வாங்கி அழுத்திப் பார்ப்பார். அது மினுக்கும். "எவன் இதப் போட்டது?" என்று கத்துவார். அப்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அந்த போர்டின் ஓரத்தில் நட்சத்திரம் போட்ட புள்ளிகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட புள்ளியை வெளி வளையத்தோடு ஒரு சொட்டு ஈயத்தால் சேர்த்துவிட்டால் மினுக்கும் மோடுகள் இல்லாமல் போய்விடும். கம்பி சூடாகத்தான் இருந்தது. அந்தப் புள்ளியைத் தாண்டிப் போய் மற்ற இணைப்புகளை வைத்தேன். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் நான் வைத்ததில்லை.

"சூப்பருங்க" என்றாள் சுபாஸ்ரீ, போர்டைத் திருப்பிப் பார்த்து. அவள் கண்ணில் அந்தப் புள்ளி படவில்லை.

வெள்ளிக்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. அன்று மாலையே அப்பாவை ரோந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மொட்டைமாடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கும்போது டேனியல் நனைந்தபடி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"டார்ச்ச குடுத்துட்டேன். அப்பா செம குஷி."

துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு போனை எடுத்தேன். அப்பா நம்பர் வரைக்கும் போனேன். கூடத்தில் சுபாஸ்ரீ மழை விடுவதற்காகக் காத்திருந்தாள். இப்போது சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், அவள் முன்னால். அப்பா சின்ன வெளிச்சத்தை மட்டும்தான் வைத்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் அப்பா வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். ரெயின்கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கூட்ஸ் வண்டி நின்னுடுச்சு" என்றார். "வெளிச்சத்த கூட்டலாம்னு அமுக்கினேன். கை ஈரம், வழுக்கி வழுக்கி அமுங்குது. திடீர்னு மினுக்க ஆரம்பிச்சுது. வளைவுல வண்டி. பதினோரு நிமிஷம். டிரைவர் எறங்கி ஓடிவந்து, பாலம் போச்சா, பாதை போச்சாங்கறான். நான் என்னத்த சொல்ல?"

"யாருக்கும் அடி கிடி?" என்றாள் அம்மா.

"நக்கோ, ஒண்ணும் ஆகல. எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க. இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு எக்ஸ்பிளனேஷன் எழுதினதில்ல."

டேனியல் போன் செய்ய, பதினொரு மணிக்கெல்லாம் சுபாஸ்ரீ பஸ் பிடித்து வந்துவிட்டாள். வாசலிலேயே அழுதாள். "என் தப்புதாங்க அங்கிள். நான்தான் அந்த போர்ட சொன்னேன். ட்ரெயின் டிரைவர் அப்படி நெனப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லைங்க."

நான் ஆசைப்பட்ட முகம் அதுதான். அழுதால் அவளுக்கு மூக்கு சிவந்து வீங்குகிறது என்பதைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகவே இருந்தது.

அப்பா அவளை உட்காரச் சொன்னார். "நீ அழாதம்மா. உனக்கு ரயில் தெரியாது. டேனியலுக்கும் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவளுக்குத் தெரியும். அன்னிக்கு வேலிகிட்ட இவளத்தான் அடிச்சேன்."

டேனியல் அதற்குள் டார்ச்சைக் கழற்றியிருந்தான். போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டு" என்றான். "இந்தப் புள்ளில ஒரு சொட்டு வெச்சிருந்தா மினுக்கியே இருக்காது. உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன கைக்கு, ஏன் வெக்கல?"

"நீ என்னைக் கேக்கல."

"சுபாஸ்ரீ கேட்டாளேடி! என் காதால கேட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். சுபாஸ்ரீ அழுகையை நிறுத்தியிருந்தாள். எல்லோரையும்விட அவளுக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன். என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலமே உங்களுக்கு போன் பண்ண எடுத்தேன்பா" என்றேன்.

"பண்ணல" என்றார் அப்பா.

"பண்ணல."

அவர் எழுந்து உள்ளே போய், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து அம்மாவிடம் தட்டு கேட்டார். தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்து அதன்மேல் எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே தவறு தன்னுடையது என்று எழுதினார். யார் போர்டைத் தேர்ந்தெடுத்தார்கள், யார் ஈயம் வைத்தார்கள் என்று எதுவும் எழுதவில்லை.

"ராத்திரி மறுபடி போகணும்" என்றார் தலை தூக்காமல். "டார்ச் வேணும்."

டேனியல் டப்பாவைத் திறந்தான். நாலு சிப், ஆறு சிப், எட்டு சிப் எல்லாம் அதில் இருந்தன.

"எந்த போர்டு?" என்றான்.

ஒரு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. அவன் கண் டப்பாவில் இருந்தது.

"நாலு சிப்" என்றேன். டப்பாவிலிருந்து அதை எடுத்து வைத்தேன். மறுபடி சொன்னேன். "நாலு சிப். ராத்திரி முழுக்க ஒரே பேட்டரி ஓடும். கையச் சுடாது. எத்தன தடவ வழுக்கினாலும் சின்னது, பெருசு, சின்னது, பெருசு, அவ்ளோதான்."

"வெளிச்சம் பத்துமாங்க?" சுபாஸ்ரீயின் குரல் சின்னதாக வந்தது. என்னைத்தான் கேட்டாள்.

"மழைல ரொம்ப வெளிச்சம் போட்டா சொட்டுதான் பளபளன்னு தெரியும், அதுக்குப் பின்னாடி இருக்கறது தெரியாது. அப்பா பத்தடி பாத்தா போதும்."

அவள் தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். வீட்டில் இவ்வளவு வார்த்தைகளை நான் ஒரே மூச்சில் பேசியது அன்றுதான். பேசி முடித்ததும் டேனியல் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் புரிந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.