அருந்ததி அடைத்த துவாரங்கள்

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் அருந்ததிக்குக் கை சும்மா இராது. அதுவும் வருவது அரசாங்க மானியம் கொடுக்கலாமா வேண்டாமா என்று எழுதப்போகிற ஆள். ரோவில் புறநகரில் அவளும் கணவனும் வாங்கிய செங்கல் வீட்டுக்கு நாற்பத்தைந்து வயது. அந்த ஊரில் யூலைதான் நடுக் குளிர்காலம்; உள்ளே நின்று கதைத்தாலும் வாயால் புகை வரும். கூரைக்குள் குளிர்காப்பு, பழைய காஸ் ஹீற்றருக்குப் பதிலாக மின்சார ஹீற்றர் என்று விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் காத்திருந்த பிறகு, வீட்டைப் பார்க்க வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தது.

இடுக்கும் விரிசலுமாய்க் கிடக்கிற வீட்டை ஓர் அந்நியனுக்குக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை முழுக்கப் பசையும் ஒட்டுநாடாவுமாய்த் திரிந்தாள். கதவிடுக்கு, யன்னலிடுக்கு, கடைசியில் ஹோல் சுவரில் உச்சியில் இருந்த இரண்டு காற்றுத் துவாரங்கள். எல்லாவற்றையும் அடைத்து மேலே வெள்ளைப் பெயின்ற் அடித்தாள். வைத்தியரிடம் போகமுன் புண்ணுக்குப் பவுடர் பூசுகிற வேலை. ஆனால் அவளிடம் அதை யார் சொல்வது?

காலையில் இன்னொரு சங்கடம். கணவன் கேதீஸ்வரன் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து, ஹோலில் ஹீற்றருக்கு முன்னால் பாயைப் போட்டு, உடுத்த சாரத்தோடு சரிந்துவிட்டான்.

"இஞ்சேருங்கோ, ஆள் வரப்போகுது. அறைக்குள்ள போய்ப் படுங்கோவன்."

"அந்த ஐஸ் பெட்டிக்குள்ளயோ? விடும் அருந்ததி."

சொல்லி முடிக்கமுன் குறட்டை வந்துவிட்டது. பட்டப்பகலில் ஒரு ஆம்பிளை இப்படிக் கிடப்பதைப் பார்த்தால் வருகிறவன் என்ன நினைப்பான்? அருந்ததி ஹோல் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் குறட்டை குசினிவரை மெல்லக் கேட்டது. குசினியில் பொரித்த மீன் மணம் இன்னும் நின்றது. புகையிழுக்கும் விசிறியை உச்சத்தில் விட்டாள். தலை இலேசாகக் கனத்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தவர் பெயர் கொலின். அறுபது வயதிருக்கும். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். பின்னறைகளில் தொடங்கி, யன்னல் விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நன்றாக அடைத்திருக்கிறீர்களே," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் காற்றுப் புகாத வீட்டுக்குப் புள்ளி குறையும். மோசமான வீடுகளுக்குத்தான் முதலிடம்."

அருந்ததி தான் ஒட்டிய நாடாவைப் பார்த்தாள். கெட்டிக்காரத்தனம் காட்டப்போய்த் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே! இப்போது உரித்துக் காட்டினால் ஏமாற்றுக்காரி என்று எழுதிவிடுவாரோ?

"அந்த அறை?" கொலின் ஹோல் கதவைக் காட்டினார்.

"அதுக்குள்ள சாமான்தான். கடைசியாப் பாருங்கோ," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சமாளித்தாள்.

குசினிக்குள் வந்தவர் அண்ணாந்து விசிறியைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஹீற்றர் காஸ்தானே? இப்போது எரிகிறதா?"

"எரியுது."

"அந்த அறையில் சுவர்த் துவாரங்கள் திறந்திருக்கின்றனவா?"

"ஓம், திறந்துதான் இருக்கு."

பொய் அவள் நினைக்கமுன்னரே வாயைவிட்டுப் போய்விட்டது. கொலின் தலையசைத்தார், ஆனாலும் விசிறியை நிறுத்தினார். எழுதிக்கொண்டே விளக்கம் சொன்னார். துவாரங்களை அடைத்த வீட்டில் இந்த விசிறி ஓடினால், புகைபோக்கியால் வெளியே போகவேண்டிய புகையை இது அறைக்குள் திருப்பி இழுக்குமாம். அந்த நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருக்கிறவர் எழும்பவே மாட்டார்.

"நல்லவேளை, உங்கள் வீட்டில் திறந்திருக்கிறது."

அவர் கையிலிருந்த டப்லெட் கணினியில் குனிந்தார். அருந்ததி நின்ற இடத்திலேயே நின்றாள். சொன்னால் மானியம் போகும், மானமும் போகும். ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு வந்தால் போதாதா? அவருக்குத் தெரியாமல் முடித்துவிடலாமா? இப்படி எத்தனை விநாடி நின்றாள் என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை. அப்போதுதான் காதில் உறைத்தது. குறட்டை கேட்கவில்லை.

"அடைச்சிட்டன்!" என்று தமிழிலேயே கத்தினாள். "நான் எல்லாத்தையும் அடைச்சிட்டன்! அவர் உள்ள படுத்திருக்கிறார்!"

கொலினுக்குச் சொல் விளங்கவில்லை. அவள் ஓடிய ஓட்டம் விளங்கியது.

ஹோல் கதகதவென்று இருந்தது. கேதீஸ்வரனின் முகம் சிவந்திருந்தது. உலுக்கினாள், கன்னத்தில் அடித்தாள், அசைவில்லை. கொலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாயின் தலைமாட்டைப் பற்றினார். இருவருமாக முன்கதவால் இழுத்துப் புல்லில் போட்டார்கள். அவர் அம்புலன்சுக்கு அழைத்தபடியே காஸை நிறுத்த ஓடினார்.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" கேட்கவில்லை. கலியாணம் கட்டிப் பத்தொன்பது வருசத்தில் ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். "கேதீஸ்! டேய் கேதீஸ்!" என்று தெரு முழுக்கக் கேட்கப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

கேதீஸ்வரன் இருமினான். பிறகு புரண்டு புல்லில் சத்தி எடுத்தான். முன்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாரம் விலகிக் கிடந்தது. அருந்ததி அதை இழுத்துவிடக்கூட நினைக்கவில்லை, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரப்புல்லில் இருந்தாள்.

அம்புலன்சுக்காரர்கள் வந்து ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். கொலின் டப்லெட்டை அவளிடம் நீட்டினார். 'காஸ் ஹீற்றர் ஆபத்தானது, உடனே மாற்றவேண்டும்' என்று எழுதியிருந்தது. மானியம் கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. அவளுக்கு அது தலையில் ஏறவேயில்லை.

வண்டிக்குள் ஏற்றியதும் கேதீஸ்வரன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

"என்னப்பா நடந்தது?"

"துவாரத்தையெல்லாம் நான்தான் அடைச்சனான். உங்களை உள்ள விட்டுக் கதவைச் சாத்தினதும் நான்தான். அவர் கேக்கவும் பொய் சொன்னனான்."

"ஏன்?"

"வெக்கமா இருந்தது."

அவன் அவளையே பார்த்தான். "வீட்டை நினைச்சோ, என்னை நினைச்சோ?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அருந்ததி முகமூடியைத் திரும்ப அவன் முகத்தில் பொருத்தினாள்.

"உங்களையும் நினைச்சுத்தான்," என்றாள், ஓவென்று அழுதாள்.